வலிக்குரிய சொற்கள்

நோய்க்கு மருந்து தேடும் விஞ்ஞானி ஒருவரின் எழுத்தை இலக்கிய ஏட்டில் விமர்சிக்கப் புகுவது சில அன்பர்களுக்கு வேண்டாத வேலையாகத் தோன்றலாம். கவிதை, சிறுகதை, நாவல் என்ற எல்லைக்குள் விமர்சகன் நின்றுகொள்ள வேண்டும் என்று கருதுவோர் நம்மிடையே இன்னும் உளர். எனினும், கனடா நாட்டு உளவியல் அறிஞர் ரொனால்ட் மெல்சாக்கின் எழுத்துக்களை நாம் இங்கு எடுத்துக்கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. துன்புறும் மனிதன் தன் வலியை எந்தச் சொல்லால் சொல்கிறான் என்று கேட்டு, அச்சொற்களைத் திரட்டி, வகைப்படுத்தி, மருத்துவத்தின் சான்றாக அவற்றை நிறுத்தியவர் அவர். சொற்களோடு செய்யப்பட்ட வேலையாதலின் அது தமிழாசிரியர்களாகிய நமக்கும் உரிய வேலையே.

இன்னொரு காரணம் நாம் வாழும் இடம். நாம் பணிபுரியும் ஓப்பநாயக்கப் பகுதி, பெல்மதுளையிலிருந்து பலாங்கொடைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளரும் சப்பிரகமுவக் குன்றுகளிடையே அமைந்தது. களனிவெளிக் குறும்பாதை இரயில் ஒரு காலத்தில் இங்கு வந்துதான் முடிவுற்றது; 1976இல் அப்பாதை மூடப்பட்டது. இரயில் போயிற்று, தோட்டங்கள் இருக்கின்றன, லயங்களும் இருக்கின்றன. எம்மிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய்மாரது நாள் பெரட்டுக்களத்தில் தொடங்கி மாலைக் கொழுந்து நிறுப்போடு முடிகிறது. இடைப்பட்ட நேரமெல்லாம் சரிவில் நின்றபடி, கூடைக் கயிறோ சாக்கின் வாரோ உச்சந்தலையை அழுத்த, இரு கைவிரல்களும் ஓயாது இயங்க வேண்டும். நாற்பது வயதைக் கடந்து உடம்பில் வலி இல்லை என்று சொன்ன ஒரு தாயை நாம் இதுவரை கண்டதில்லை.

மெல்சாக்கை நாம் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணம். எமது வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள் வரவில்லை. மறுநாள் கேட்டபோது, தாயை வைத்தியசாலைக்கு அழைத்துப்போனதாகச் சொன்னான். அங்கே தமிழ் தெரிந்தவர் இல்லையாதலின் அவனே மொழிபெயர்ப்பாளன். சில நாள் கழித்து அந்தத் தாயைச் சந்தித்தபோது வைத்தியரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டோம். "காலையில எந்திரிக்கையில இடுப்பு புடிச்சிக்கிது சேர். மலையேறுனா கடுக்குது. கூடை பாரமாக ஆகக் கழுத்துல இருந்து தோளு வரைக்கும் காந்துது. ராவுல படுத்தா காலு கொடையுது, அப்புறம் மதமதன்னு ஆயிருது" என்றார். பிடிப்பு, கடுப்பு, காந்தல், குடைச்சல், மதமதப்பு என்று ஐந்து வெவ்வேறு சொற்கள். ஒவ்வொன்றும் வேறு இடம், வேறு நேரம், வேறு தன்மை. மகனுக்குத் தெரிந்த சிங்களச் சொல் ஒன்றே ஒன்று: 'ரிதெனவா', அதாவது வலிக்கிறது. ஐந்து சொற்கள் ஒன்றாயின. மருத்துவச் சீட்டில் அந்த ஒன்று ஆங்கிலத்தில் 'முதுகு வலி' ஆயிற்று; அதன்கீழ் பனடோல் மாத்திரை. அன்று மட்டும் எத்தனை நோயாளரைப் பார்த்தாரோ, அந்த வைத்தியரை நாம் குறை கூற வரவில்லை. காலில் வரும் மதமதப்பு, நரம்பு நசுங்கியதன் அறிகுறியாக இருக்கக்கூடும். அந்தச் செய்தி தாயின் வாயில் இருந்தது, சீட்டில் இல்லை.

இனி மெல்சாக்கிடம் வருவோம். 1929இல் மொன்றியல் நகரில் பிறந்து 2019இல் மறைந்த இவர், மக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப் என்ற பெயர்பெற்ற உளவியல் ஆசிரியரிடம் பயின்றவர். குட்டிப் பருவம் முதல் தனிமையில் அடைத்து வளர்க்கப்பட்ட நாய்கள், எரியும் தீக்குச்சியை மூக்கால் முகர்ந்து, சுட்ட பின்னும் விலகத் தெரியாமல் மீண்டும் மீண்டும் முகர்வதை அங்கே கண்டார். (அந்தப் பரிசோதனையைப் படிக்கும்போது நமக்கு உண்டான கூச்சத்தை மறைக்க வேண்டியதில்லை.) 1957இல் வெளிவந்த அந்த ஆய்வு, வலிக்கு விடையிறுப்பது நரம்போடு பிறப்பதன்று, வாழ்ந்து பழகுவதில் அமைவது என்ற ஐயத்தை அவரிடம் விதைத்தது. பின்னர் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், வில்லியம் லிவிங்ஸ்டன் என்ற மருத்துவரின் வலிச் சிகிச்சைக் கூடத்தில் பணியாற்றினார். அங்கே நீரிழிவால் காலை இழந்த ஒரு முதிய மாது, இல்லாத காலில் எழும் வலியை விதவிதமான சொற்களால் அவரிடம் விவரித்தார். மெல்சாக் அச்சொற்களை எழுதிவைக்கத் தொடங்கினார். பின்னாளில் உலகெங்கும் பரவிய ஒரு மருத்துவக் கருவியின் தொடக்கம் அந்தக் குறிப்பேடே.

ஆனால் அவருக்குப் புகழ் தேடித்தந்தது முதலில் அந்தச் சொற்பட்டியலன்று. 1965 நவம்பரில் 'சயன்ஸ்' இதழில், பற்றிக் வோல் என்ற உடலியல் அறிஞரோடு சேர்ந்து அவர் எழுதிய சில பக்கக் கட்டுரையே. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட் வரைந்து காட்டிய சித்திரமே அதுவரை மருத்துவத்தை ஆண்டது. காலில் நெருப்புச் சுடுகிறது. நரம்பு கயிறுபோல இழுபடுகிறது. மூளையில் மணி அடிக்கிறது. காயம் எவ்வளவோ வலியும் அவ்வளவே என்பது இக்கொள்கையின் உட்கிடை. மெல்சாக்கும் வோலும் இதைத் தகர்த்தனர். முதுகுத்தண்டின் பின்கொம்பில் ஒரு 'வாயில்' உண்டு. மெல்லிய நரம்பிழைகள் கொண்டுவரும் செய்தி அதைத் திறக்க முயலும். தொடுகையையும் அழுத்தத்தையும் சுமக்கும் தடித்த இழைகள் அதைச் சாத்த முயலும். மூளையும் மேலிருந்து கீழ்நோக்கி ஆணை அனுப்பி அதைத் திறக்கவோ மூடவோ செய்யும் என்றனர். அடிபட்ட இடத்தை நாம் ஏன் தேய்த்துவிடுகிறோம், லயத்தில் கிழவி பேத்தியைக் கூப்பிட்டுக் காலை மிதிக்கச் சொல்வது ஏன், சித்தாலேப தடவிய தோளுக்குச் சற்று நேரம் ஏன் ஆறுதல் கிட்டுகிறது என்பவற்றுக்கெல்லாம் இதில் விளக்கம் உண்டு. அவர்கள் வரைந்த நரம்பு வலையின் நுட்பங்களிற் சில பின்னர்த் திருத்தப்பட்டன. வாயில் என்ற கருத்தோ நிலைத்துவிட்டது.

இந்தக் கொள்கையின் சமூகப் பொருளை அதன் ஆசிரியர்கள் விரித்துரைக்கவில்லை; நாம் உரைக்கலாம். கயிறும் மணியும் என்ற பழங்கொள்கை ஆள்வோர்க்கு மிக வசதியானது. காயம் தெரியவில்லையா, எக்ஸ்ரே படம் சுத்தமாக இருக்கிறதா, அப்படியாயின் வலியும் இல்லை. வேலைக்கு வராதவள் நடிக்கிறாள். தோட்டத்து மருந்துக் காம்பராவின் முன் வரிசையில் நின்று வைத்தியச் சீட்டுக்காகக் காத்திருந்த எத்தனையோ தலைமுறைகள் இந்தத் தீர்ப்பைக் கேட்டிருக்கின்றன. வாயிற் கொள்கையின்படி வலி என்பது உடம்பின் ஓரிடத்தில் மட்டும் உள்ள பொருளன்று. அச்சமும் நினைவும் களைப்பும் நம்பிக்கையும் அதில் பங்குபெறும். ஆகவே காயம் தேடிக் காணாமை, பொய்யைக் கண்டுபிடித்ததாகாது. 2020ஆம் ஆண்டு ஸ்ரீநிவாச ராஜா என்ற மருத்துவ அறிஞரின் தலைமையில் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் வலியின் வரைவிலக்கணத்தைத் திருத்தி அமைத்தபோது, தனக்கு வலி என்று ஒருவர் சொன்னால் அதை மதித்து ஏற்க வேண்டும் என்பதையும் குறிப்பாகச் சேர்த்தது. சொல்லத் தெரியாமை, வலி இன்மைக்குச் சான்றன்று என்றும் கூறிற்று. அந்தத் திருத்தத்தின் பின்னால் மெல்சாக் கிளப்பிய அரைநூற்றாண்டு வாதம் இருக்கிறது.

சொற்பட்டியலைப் பற்றியே நாம் விரிவாகப் பேச விரும்புகிறோம். 1971இல் வாரன் தோர்கர்சன் என்பவரோடு சேர்ந்து, மருத்துவ நூல்களில் நோயாளர் கூற்றாக வந்த வலிச் சொற்கள் நூற்றிரண்டைத் திரட்டி, பொருள் நெருக்கத்தால் அவற்றைக் கூட்டங்களாகப் பிரித்தார் மெல்சாக். நான்காண்டுகள் கழிந்து, 1975இல், 'மக்கில் வலி வினாக்கொத்து' வெளிவந்தது. அதில் எழுபத்தெட்டுச் சொற்கள், இருபது கூட்டங்கள். முதற் பத்தும் புலனுணர்வைக் குறிப்பன: துடிப்பது, பாய்வது, குத்துவது, கடிப்பது, முறுக்குவது, எரிவது என. அடுத்த ஐந்தும் மனத்தின் நிலையைக் குறிப்பன: சோர்விப்பது, அச்சுறுத்துவது, தண்டிப்பது, கொல்வது என. ஒரு கூட்டம் மதிப்பீடு: தொல்லை என்பதில் தொடங்கிப் பொறுக்க முடியாதது என்பதில் முடிகிறது. எஞ்சியவை பல்வகை. ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் கூட்டத்தில் ஒரு வரிசை எண் உண்டு. நோயாளி தேர்ந்த சொற்களின் எண்களைக் கூட்டினால் வலியின் குறியெண் கிடைக்கும். வெவ்வேறு நோயாளரை அவர்கள் தேர்ந்த சொற்களைக் கொண்டே பெரும்பாலும் இனம் பிரிக்க முடிந்ததை அடுத்த ஆண்டே அவரும் அவரது சகாவும் காட்டினர்; பல்வலிக்காரரின் சொற்கள் வேறு, மூட்டுவாதக்காரரின் சொற்கள் வேறு. சொல்லே நாடியாயிற்று.

இலக்கண மாணவர் எவரையும் மகிழ்விக்கும் வேலை இது. பெயரடைகளை எடுத்து நிறுத்துப் பார்த்த மருத்துவம் இதற்குமுன் இருந்ததில்லை. இதே மெல்சாக் வடதுருவத்து இனுயிட் மக்களின் கதைகளைச் சிறுவருக்காக நூலாக எழுதி 1967இல் வெளியிட்டவர் என்பதையும் அறிந்தபோது, அவருடைய செவி எப்படிப்பட்டது என்பது ஓரளவு விளங்கிற்று. எனினும் இந்தப் பட்டியல் யாருடையது என்ற வினாவை நாம் எழுப்பியே ஆகவேண்டும்.

சொற்களைக் கூட்டங்களாகப் பிரித்துக் கொடுத்தவர்கள் மருத்துவர்களும் பல்கலைக்கழகப் பட்டதாரிகளும். அவற்றின் கடுமையை வரிசைப்படுத்தியவர்கள் மருத்துவர், நோயாளர், மாணவர் என்ற மூன்று குழுவினர். ஆங்கிலம் கற்ற நகரத்தார் செவியில் எந்தச் சொல் எதனினும் கொடிது என்று ஒலித்ததோ, அதுவே அளவுகோலாயிற்று. மண்வெட்டி பிடித்தவன், இயந்திரத்தின் முன் நின்றவள், மீன் வலை இழுத்தவன் ஆகியோரின் செவி அதில் எவ்வளவு இடம்பெற்றது? பட்டியலில் தொழிற் சொற்கள் ஏராளம்: துளைப்பது, அறுப்பது, பிழிவது, நசுக்குவது. தொழிற்களத்துச் சொற்கள் வந்தன, தொழில் வரவில்லை. வலி எத்தகையது என்று வினாக்கொத்து நுணுக்கமாகக் கேட்கிறது. எந்த வேலை அதைக் கொண்டுவந்தது, எந்த வேலையை அது தடுக்கிறது, வேலை தடைப்பட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று அது கேட்பதில்லை. மெல்சாக்கின் நோயாளி மருத்துவரின் எதிரே தனியாக நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் குடும்பமோ தொழிற்சாலையோ கங்காணியோ இல்லை.

சொற்களை எண்ணாக்கிக் கூட்டுவதிலும் இடர் உண்டு. முப்பது என்று ஒரு மொத்தம் வந்தால், அது காந்தலால் வந்த முப்பதா, அச்சத்தால் வந்த முப்பதா என்று தெரியாது. மெல்சாக் இதை அறியாதவரல்லர். கூட்டங்களைத் தனித்தனியே பார்க்கவும் அவர் வழி வைத்தார். ஆனால் அவசர உலகம் மொத்தத்தை எடுத்துக்கொண்டு சொற்களைக் கைவிட்டது. 1987இல் அவரே சுருக்கிய பதினைந்து சொற் பட்டியல் வந்தது. சோர்வும் தண்டனையும் அதில் தப்பிப் பிழைத்தன என்பது ஆறுதல். இன்று பெரிய வைத்தியசாலைகளில் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் உமது வலி எத்தனை என்று கேட்பதோடு சரி. எமது பகுதியில் அதுவும் இல்லை.

ஆங்கிலச் சொற்களை அகராதி பார்த்துத் தமிழாக்கிவிட்டால் நமக்கும் ஒரு கருவி கிடைத்துவிடும் என்று எண்ணுவது பெரும் பிழை. இதைப் பின்லாந்து நாட்டார் நன்கு உணர்ந்தனர்; 1981இல் அவர்கள் மெல்சாக்கின் முறையை எடுத்துக்கொண்டு, சொற்களைத் தம் மக்களிடமிருந்தே திரட்டித் தமக்கென ஒரு வினாக்கொத்து அமைத்தனர். இத்தாலியரும் அவ்வாறே செய்தனர். முறை மெல்சாக்குடையது, சொற்கள் மக்களுடையவை. நாமும் செய்யவேண்டியது இதுவே.

எம்மிடம் சொற்கள் இல்லையா? பத்தாம் வகுப்பு மாணவரிடம், வீட்டில் வலியைப் பற்றிப் பேசும் சொற்களை ஒரு வாரம் கேட்டு எழுதிவரச் சொன்னோம். பாடநூலில் இல்லாத பயிற்சி. ஆயினும் இவ்வளவு ஊக்கத்தோடு அவர்கள் எந்தக் கட்டுரையும் எழுதியதில்லை. குடைச்சல் எலும்புக்கு உள்ளிருந்து வருவது, இரவுக்குரியது. கடுப்பு நெடுநேரம் நின்ற காலுக்கும் நெடுநேரம் மடங்கிய விரலுக்கும் உரியது. உளைச்சல் வேலை ஓய்ந்தபின் உடம்பெங்கும் பரவுவது. காந்தல் எரிச்சலினும் மெல்லிய நெருப்பு, ஆனால் விடாது. விண்விண் என்று தெறிப்பது வீக்கத்துக்கு. சுரீர் என்பது ஒரு கணம். நரம்பு சுண்டி இழுக்கும், மூட்டு பிடித்துக்கொள்ளும், இடுப்பு விட்டுப்போகும். இவற்றுள் எதையும் இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியாது; வைத்துப் பார்த்த மாணவியைத் தாயே திருத்தி அனுப்பினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எமது சக ஆசிரியர் ஒருவர் 'நோகுது' என்பார். இங்கே 'வலிக்குது' என்பார்கள். இரண்டும் தமிழே எனினும், ஒன்றைக் கேட்டுப் பழகிய செவி மற்றதன் நுட்பத்தைத் தவறவிடக்கூடும்.

ஒரு தொடர் ஏறக்குறைய எல்லா ஏடுகளிலும் இருந்தது: 'அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு.' மெல்சாக்கின் பட்டியலில் தண்டிப்பது, கொடூரமானது என்ற சொற்கள் உள்ளன. ஆங்கிலத்தில் வலியே தண்டிக்கும் எசமானன். எமது மக்களின் தொடரிலோ அடித்தவன் மறைந்துவிட்டான். அடிபட்ட உடல் மட்டும் கிடக்கிறது. எழுவாய் தோன்றா எழுவாய் என்று இலக்கணத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். யார் அடித்தது என்று வகுப்பில் கேட்டபோது பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் 'மலை' என்றாள்.

அமெரிக்க அறிஞர் எலேன் ஸ்காரி 1985இல் வெளியிட்ட 'துன்புறும் உடல்' என்ற நூலில், கடும் வலி மொழியையே அழித்துவிடுகிறது என்று வாதிட்டார். மெல்சாக்கின் வினாக்கொத்தை, அழிந்த மொழியை மீட்கும் முயற்சியாக அவர் பாராட்டவும் செய்தார். சித்திரவதைக் கூடத்தைப் பற்றி அவர் கூறுவதை ஏற்கிறோம். ஆனால் ஆண்டுக்கணக்கில் நாளும் தொடரும் வலி அத்தகையதன்று. அது மொழியை அழிப்பதற்குப் பதில் மொழியைப் பெருக்குகிறது. எமது மாணவரின் ஏடுகள் அதற்குச் சாட்சி. குறை சொல்பவரின் வாயில் இல்லை, கேட்பவரின் செவியிலும் எழுதும் சீட்டிலும் இருக்கிறது. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் 1987இல் கூறியது. வைத்தியசாலை வரிசையில் பள்ளிச் சிறுவன்தான் இன்னும் அந்த ஆட்சியை நடத்துகிறான். இதைச் சிங்கள, தமிழ்ப் பூசலாகக் காண்பாரை நாம் மறுக்கிறோம். பக்கத்துக் கிராமத்தில் இறப்பர் பால் வெட்டும் சிங்களப் பெண்ணுக்கும் கெக்கும வேறு, தெவில்ல வேறு, ஹிரிவெட்டீம வேறு. குத்துவலியும் எரிவும் மரப்பும் அவளும் பிரித்தே அறிவாள். ஆங்கிலச் சீட்டில் அவளுடைய மூன்று சொற்களும் எமது தாயின் ஐந்து சொற்களோடு சேர்ந்தே மறைகின்றன.

நம் இலக்கியத்தையும் இந்த இடத்தில் நாம் விசாரிக்க வேண்டும். 'வலி' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் வலிமை என்பதே பெரும்பொருள். வள்ளுவரின் வலியறிதல் அதிகாரத்தில் மருந்தைத் தேடிப் போனால் படைபலத்தைத்தான் காண்போம். துன்பத்தைச் சுட்ட முன்னோர் வைத்திருந்த சொல் நோய். அந்த நோயை அகப்பாடல்கள் காதலுக்கே பெரிதும் ஒதுக்கின. தலைவியின் நெகிழும் வளைக்கும் பசக்கும் நெற்றிக்கும் அளவற்ற நுட்பம் காட்டிய மரபு, நாற்று நட்டவளின் இடுப்பைப் பற்றி அந்த நுட்பம் காட்டவில்லை. முற்போக்காளரான நாம் மட்டும் என்ன செய்தோம்? புதுமைப்பித்தன் 1935இலேயே 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வாசகரை அழைத்து வந்தார். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர்களுக்குப் பின் வந்த நமது கதைகளில் கொழுந்து கிள்ளுபவளின் முதுகு பெரும்பாலும் சுரண்டலின் சின்னமாகவே வளைந்திருக்கிறது. சின்னத்துக்குக் கடுப்பு இல்லை, இரவில் குடைச்சலும் இல்லை. மெல்சாக்கிடம் நம் எழுத்தாளர் கற்கவேண்டியது ஒன்று இருக்குமானால், அது இந்த வேறுபாடு காணும் பொறுமை.

மெல்சாக்கும் வோலும் தம் கொள்கைக்குத் துணையாக அடிக்கடி காட்டும் சான்று ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர், கடுங்காயமுற்ற போர்வீரருள் பெரும்பாலோர் வலிநிவாரணி வேண்டாமென்றதை 1946இல் எழுதினார். காயம் அவர்களுக்கு உயிரோடு வீடு திரும்பும் அனுமதிச் சீட்டு. பொருள் மாறினால் வலியும் மாறும் என்பது முடிபு. சரி, ஆனால் இதை மறுபக்கம் திருப்பிப் பார்த்தாரில்லை. தோட்டத்தில் நோகும் முதுகின் பொருள் என்ன? ஒருநாள் போகாவிட்டால் பேர் விழாது. பாதியில் திரும்பினால் அரைப் பேர். குறித்த கிலோ குறைந்தாலும் கூலி குறையும். போர்வீரனின் காயம் விடுதலையைக் கொணர்ந்தது. இவளின் வலி கடைக்கணக்கைக் கொணர்கிறது. வாயிற் கொள்கை உண்மையாயின், அந்தக் கணக்கும் வாயிலைத் திறக்கும் கைகளுள் ஒன்று. மெல்சாக்கின் கொள்கையே இடம் கொடுக்கும் இந்த முடிபை மெல்சாக் எழுதவில்லை.

இத்துறைக்கு வைத்த பெயரும் சிந்திக்கத்தக்கது. 1953இல் ஜோன் பொனிகா என்ற மயக்கமருந்து நிபுணர் வெளியிட்ட பெருநூலின் தலைப்பு 'வலி முகாமை' என்பதாகும். சிசிலித் தீவுப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மல்யுத்த மேடையில் பொருதிப் படிப்புச் செலவைத் தேடி, அதனால் வந்த உடல்வலியை இறுதிவரை சுமந்தவர் அவர். வலியை அவர் புத்தகத்தில் மட்டும் கற்றவரல்லர். ஆனால் முகாமை என்ற சொல்லை எம் தோட்டத்து மக்கள் வேறு பொருளில் அறிவார்கள். கொழுந்தை நிறுப்பது முகாமை. பேர் வெட்டுவது முகாமை. வலியையும் முகாமை செய்யப்போகிறோம் என்றால், அதை நீக்கப்போகிறீர்களா, அல்லது நாளைக் காலைப் பெரட்டுக்கு ஆள் வரும் அளவுக்குக் குறைக்கப்போகிறீர்களா என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. மருந்து அதிகாரத்தில் நோயின் மூலத்தை நாடச் சொன்ன வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருப்பவன் என மருத்துவத்தை நாற்கூறாகப் பகுத்தார். இன்று ஐந்தாவதாக வேலையையும் சேர்க்க வேண்டும்.

சட்டத்தின் நிலையும் இதுவே. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம், கை போனால் இத்தனை வீதம், விரல் போனால் இத்தனை வீதம் என்று இழந்த உறுப்புகளுக்கு அட்டவணை வகுத்தது. இருக்கும் முதுகில் இருபதாண்டாக இருக்கும் வலிக்கு அந்த அட்டவணையில் நிரல் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியைத் தனி நோயாகவே கொள்ளலாம் என்று உலக சுகாதார தாபனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு, 2022இல் நடைமுறைக்கு வந்தது, ஏற்றுக்கொண்டுவிட்டது. 2021இல் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வெளிவரும்வரை நம் தொழிற்சங்கங்கள் நடத்திய நெடிய போராட்டத்தை நாம் போற்றுகிறோம். ஆனால் அந்த மேடைகளில் முதுகைப் பற்றி ஒரு கோரிக்கையும் நாம் கேட்டதில்லை.

மெல்சாக்கின் எழுத்துக்களுள் மிகவும் வாதத்துக்குள்ளானது 1990இல் வந்த 'தேவையற்ற வலி என்னும் அவலம்' என்ற கட்டுரை. வலிக்காக மோர்பின் பெறும் நோயாளர் அதற்கு அடிமையாவது அரிது. அந்த அச்சத்தால் மருந்தை மறுப்பது கொடுமை என்பது அதன் சாரம். புற்றுநோய்க்கு வெளியேயுள்ள தீராத வலிகளுக்கும் இதை ஆராய வேண்டும் என்றார். பின்னர் அமெரிக்காவில் நடந்தது யாவரும் அறிந்தது. இத்தகைய வாதங்களை விளம்பரமாக்கி மருந்துக் கம்பனிகள் இலாபம் குவித்தன. பல இலட்சம் பேர் மாண்டனர். பேர்டியூ குழுமம் 2007இலும் 2020இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மெல்சாக்கை அந்தக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையன்று. ஆனால் ஒரு மருந்தைப் பற்றி எழுதும்போது அதை விற்பவனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமை குறையே.

அதே மருந்து இலாபத்தின் பிடிக்கு வெளியே என்ன செய்யும் என்பதற்கு அண்டையிலேயே சான்று இருக்கிறது. கோழிக்கோட்டில் மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் அவர் தோழரும் 1993இல் வலி நிவாரண சங்கமொன்றைத் தொடங்கி, ஏழைப் புற்றுநோயாளருக்கு வாய்வழி மோர்பின் கொடுத்தனர். ஈராண்டில் 1,723 நோயாளருக்கு வழங்கியும் மருந்து தவறான கைக்குச் சென்றதாக ஒரு நிகழ்ச்சியும் காணப்படவில்லை என்று 2001இல் 'லான்செற்' இதழில் அவர்கள் எழுதினர். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டத்தின் கெடுபிடி 2014இல் தளர்த்தப்பட்டதில் அவர்களது உழைப்புக்குப் பங்குண்டு. அதே இதழின் ஆணைக்குழு 2018 பதிப்பில் தந்த கணக்கு இது: உலகில் ஆண்டொன்றுக்கு விநியோகிக்கப்படும் மோர்பின் வகை மருந்து 298.5 மெட்ரிக் தொன். அதில் மிக வறிய நாடுகளுக்குப் போவது 0.1 தொன். வலி எல்லார்க்கும் பொது என்று சொல்வோர் இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்க்கட்டும்.

எமது மாணவர் திரட்டிய சொற்களை ஒரு தாளில் மூன்று நிரலாக எழுதியிருக்கிறோம்: தோட்டத்துத் தமிழ், அதற்கு நேரான சிங்களம், வைத்தியருக்கான விளக்கம். சிங்கள நிரலைப் பக்கத்துப் பாடசாலைச் சிங்கள ஆசிரியை ஒருவர் திருத்தித் தந்தார். நாம் எழுதிய இரண்டு சொற்களை அவர் அடித்துவிட்டு, தம் தாயிடம் கேட்டு வேறு எழுதினார். வலி எப்போது வருகிறது, எந்த வேலையில் கூடுகிறது என்று எழுதவும் ஓரத்தில் இடம் விட்டிருக்கிறோம். முன்னர்க் கூறிய மாணவன் அடுத்தமுறை வைத்தியசாலைக்குப் போனபோது அந்தத் தாளைக் கொண்டுபோனான். வைத்தியர் அதைப் படித்துவிட்டு, தாயின் காலை நீட்டி உயர்த்திப் பார்த்தாராம். அதன்பின் இரத்தினபுரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது எப்படி முடியும் என்று இப்போது சொல்வதற்கில்லை.

தாளில் தேயிலை மலைச் சொற்களே மிகுதி. கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் எழுந்து குனிந்தும் நிமிர்ந்தும் பால் வெட்டுவோர் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் வழங்கும் சொற்கள் எம்மிடம் மிகக் குறைவு. அப்பகுதி ஆசிரியர்களும் மாணவர்களும் அவற்றைக் கேட்டு எழுதி, இன்னாருடைய சொல் என்று பெயர் குறிப்பிடாமல், எந்த வேலையின்போது வழங்குவது என்பதை மட்டும் குறித்து, இந்த ஏட்டின் முகவரிக்கு அனுப்பினால் அடுத்த தாளில் சேர்த்துக்கொள்வோம்.